நிறம் பரவுகிறதா, ஓடுகிறதா?

வெள்ளைத் தட்டு ஒன்று போதும். அதன் விளிம்பை ஒட்டிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு ஜெம்ஸ் மிட்டாய்களை எதிரெதிராக வைக்க வேண்டும். தட்டின் நடுவில், மிட்டாய்கள் பாதி நனையும் அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பிறகு மேசையை யாரும் தொடக் கூடாது. அரை நிமிடத்துக்குள் ஒவ்வொரு மிட்டாயிலிருந்தும் நிறம் இறங்கி, தட்டின் தரையோடு தரையாக நடுவை நோக்கி நகரத் தொடங்கும். இரண்டு மூன்று நிமிடங்களில் நான்கு நிறங்களும் நடுவில் சந்திக்கும். சந்தித்த இடத்தில் நின்றுவிடும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரியும். ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று நுழையாது.

அமெரிக்கப் பள்ளிகளில் எம் அண்ட் எம்ஸ், ஸ்கிட்டில்ஸ் மிட்டாய்களை வைத்துப் பல ஆண்டுகளாக நடக்கும் சோதனை இது. அமெரிக்க வேதியியல் கழகம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்காக இதை ஒட்டிப் பாடங்களே வகுத்திருக்கிறது. நம் ஊரில் இதைச் செல்போன் வீடியோவாகப் பார்த்தவர்கள்தான் அதிகம். 'தட்டில் வானவில்' என்று தலைப்பிட்டு, பின்னணியில் ஒரு பாட்டு போட்டு, இருபது நொடிகளில் முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அதோடு சரி.

எனக்கு அதில்தான் வருத்தம். அந்த எல்லைக்கோடு ஏன் வந்தது என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், ஆறாம் வகுப்புப் பிள்ளை இயற்பியலின் ஆழமான இடங்கள் சிலவற்றைத் தொட்டுவிட முடியும். அதைவிட முக்கியமாக, இந்தச் சோதனைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இரண்டு விளக்கங்களும் சரியில்லை. அவை சரியில்லை என்பதை அதே தட்டை வைத்துப் பிள்ளைகளாலேயே கண்டுபிடிக்க முடியும். இப்படி ஒரு வாய்ப்பைத் தரும் சோதனைகள் பள்ளி அறிவியலில் குறைவு.

மூன்று அடுக்கு

முதலில் மிட்டாயைப் பார்ப்போம். சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அருகிலேயே உருகிவிடும். கோடைக் காலத்தில் கடைப் பெட்டியிலேயே குழம்பாகிவிடும் பொருள் அது. அதைச் சுற்றி ஒரு சர்க்கரை ஓடு கட்டிவிட்டால் கையில் ஒட்டாது, ஒன்றோடொன்று ஒட்டாது. இங்கிலாந்தின் யார்க் நகரத்து ரவுன்ட்ரீ நிறுவனம் 1937-ல் இந்த வகை மிட்டாயை ஸ்மார்ட்டீஸ் என்ற பெயரில் விற்றது. அமெரிக்காவில் 1941-ல் எம் அண்ட் எம்ஸ் வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும்வரை அது ராணுவத்துக்கே போய்க்கொண்டிருந்தது. வெப்பமான போர்முனையிலும் உருகிக் கொட்டாத சாக்லேட் என்பதுதான் அதன் மதிப்பு. இந்தியாவில் கேட்பரி ஜெம்ஸ் 1968-ல் வந்தது.

ஓடு கட்டும் வேலை பழையது. சாய்வாகச் சுழலும் பெரிய கொப்பரைக்குள் சாக்லேட் குண்டுகளைப் போட்டு, அவை உருண்டுகொண்டே இருக்கும்போது சர்க்கரைப் பாகை மெல்லியதாகத் தெளிப்பார்கள். பாகு எல்லாவற்றின்மீதும் படரும். காற்றைச் செலுத்தி உலர்த்துவார்கள். நீர் போய், சர்க்கரை நுண்ணிய படிகங்களாக ஒட்டிக்கொள்ளும். மறுபடி பாகு, மறுபடி காற்று. இப்படிப் பல பூச்சுகள் சேர்ந்ததுதான் நாம் கடிக்கும்போது 'கடக்' என்று உடையும் ஓடு. நிறம் கடைசிப் பூச்சுகளில் மட்டுமே சேர்க்கப்படும். முடிவில் பளபளப்புக்காக மெழுகு. சாப்பாட்டுக் கடையில் பில்லோடு சேர்த்து ஒரு கிண்ணத்தில் வைக்கிறார்களே, சர்க்கரை பூசிய சோம்பு, அதுவும் இந்த முறையில் செய்ததுதான். பெட்டிக்கடைச் சீரக மிட்டாயும் அப்படித்தான். உள்ளே சாக்லேட்டுக்குப் பதில் ஒரு விதை இருக்கிறது.

தட்டில் மிட்டாயை வைத்துக் கூர்ந்து பார்க்கும் பிள்ளைக்கு இந்தத் தயாரிப்பு முறை முழுக்கத் தலைகீழாகத் தெரியும். முதலில் நிறம் கழன்று போகும். அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு வெளிப்படும். சற்று நேரம் கழித்து அதுவும் கரைந்து பழுப்பு நிறச் சாக்லேட் தலைகாட்டும். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. சாக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் நீர் அதை எளிதில் கரைத்துக்கொண்டு போவதில்லை. ஒரே மிட்டாயில் ஒரு பகுதி நீரில் கரைகிறது, இன்னொரு பகுதி வாயின் சூட்டில் உருகுகிறது. கரைதலும் உருகுதலும் வேறு வேறு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதைவிட இது தெளிவான பாடம்.

எம் அண்ட் எம்ஸ், ஸ்கிட்டில்ஸ் கிடைக்கும் இடங்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவற்றின் மேல் அச்சிட்ட வெள்ளை எழுத்து நீரில் கரையாத மையால் ஆனது. அடியில் உள்ள சர்க்கரை கரைந்ததும் அந்த எழுத்து அப்படியே கழன்று மேலே மிதந்து வரும்.

நீர் என்ன செய்கிறது?

சர்க்கரை மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் அணுக்கள் இருக்கின்றன. அதன் உடலெங்கும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த எட்டுக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே எதிர் மின்தன்மையும் மறுபக்கம் சற்றே நேர் மின்தன்மையும் கொண்டது. அதனால் நீர் மூலக்கூறுகள் அந்தக் கைகளைப் பிடித்து, படிகத்திலிருந்து சர்க்கரையை ஒவ்வொரு மூலக்கூறாகப் பிரித்தெடுக்கின்றன. 20 டிகிரி வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். தன் எடையைப் போல இரண்டு மடங்கு! கொதிக்கும் நிலையில் அது 490 கிராமை நெருங்கும்.

சமையல் எண்ணெயில் இதே மிட்டாயைப் போட்டால் மணிக்கணக்கானாலும் நிறம் வெளியே வராது. எண்ணெய் மூலக்கூறுக்குச் சர்க்கரையைப் பிடித்து இழுக்கும் தன்மை இல்லை. ஒரு டம்ளரில் தண்ணீர், இன்னொரு டம்ளரில் எண்ணெய், இரண்டிலும் ஒவ்வொரு மிட்டாய் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிள்ளைக்குக் 'கரைப்பான்' என்ற பாடநூல் சொல் அதற்குப் பிறகு மறக்காது.

வெந்நீரில் வேகமாகக் கரையும், குளிர்ந்த நீரில் மெதுவாகக் கரையும் என்பதை எல்லாப் பிள்ளைகளும் சோதனைக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். வீட்டில் காப்பி கலக்கிப் பார்த்த அனுபவம் அது. எனவே அதை மட்டும் செய்து காட்டிவிட்டு நிறுத்துவது நேர விரயம். எவ்வளவு வேகம் என்று கேட்க வேண்டும். நிறம் முழுக்கக் கழன்று வெள்ளைப் பூச்சு தெரியும்வரை எத்தனை நொடி என்று ஸ்டாப்வாட்சில் எடுத்து, மூன்று வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வெப்பநிலைக்கும் மூன்று முறையாவது அளந்தால்தான் மிட்டாய்க்கு மிட்டாய் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்பது தெரியும். அளவீட்டில் வரும் இந்தச் சிதறலை மறைக்காமல் எழுதப் பழகுவது எந்தச் சூத்திரத்தையும்விடப் பெரிய பயிற்சி.

இதைவிடச் சுவையான மாறுதல் ஒன்று உண்டு. சாதாரணத் தண்ணீருக்குப் பதிலாகச் சர்க்கரை கரைத்த தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது. ஒரு தட்டில் வெறும் தண்ணீர், அடுத்ததில் லேசான சர்க்கரை நீர், மூன்றாவதில் இனிமேல் கரையவே முடியாத அளவுக்குச் சர்க்கரை போட்ட தெவிட்டிய கரைசல். மூன்றாவது தட்டில் மிட்டாய் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்திருக்கும். நீரில் ஏற்கனவே எவ்வளவு சர்க்கரை இருக்கிறது, இன்னும் எவ்வளவு ஏற்க முடியும் என்ற இடைவெளிதான் கரையும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆர்தர் நாய்ஸ், வில்லிஸ் விட்னி என்ற இரண்டு அமெரிக்க வேதியியலாளர்கள் 1897-ல் இதை ஒரு சமன்பாடாக எழுதினார்கள். இன்றைக்கும் மருந்துத் துறையில் அது அடிப்படைப் பாடம்.

அந்த எல்லைக்கோடு

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். நிறம் ஏன் நடுவை நோக்கி வந்தது? ஏன் கலக்காமல் நின்றது?

முதல் கேள்விக்கு வழக்கமான விடை 'விரவல்'. செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே பரவும் என்று பாடத்தில் படித்ததை இங்கே ஒட்டிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. அசையாத நீரில் ஒரு சர்க்கரை மூலக்கூறு விரவலால் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போகச் சராசரியாகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். விரவலுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஆகவே ஒரு சென்டிமீட்டர் போக ஒரு நாளுக்கு மேல் வேண்டும். தட்டின் விளிம்பிலிருந்து நடுவுக்கு எட்டு சென்டிமீட்டர் என்றால், விரவலை மட்டும் நம்பியிருந்தால் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். சாய மூலக்கூறுகளின் வேகமும் ஏறத்தாழ இதே அளவுதான். ஆனால் நிறம் இரண்டு மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்துவிட்டது. வேறு ஏதோ அதைத் தள்ளியிருக்கிறது.

தள்ளியது எடை. சர்க்கரை கரைந்த நீர் வெறும் நீரைவிட அடர்த்தி மிகுந்தது. நூறு கிராம் கரைசலில் பத்து கிராம் சர்க்கரை இருந்தாலே அது நீரைவிட நான்கு சதவீதம் அளவுக்குக் கனமாகிவிடும். தெவிட்டிய கரைசல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம். மிட்டாயைச் சுற்றி உருவாகும் இந்தக் கனமான கரைசல் மிட்டாயின் பக்கவாட்டில் வழிந்து தட்டின் தரைக்கு இறங்குகிறது. அங்கிருந்து வெறும் நீருக்கு அடியில் புகுந்து, மெல்லிய படலமாக ஓடுகிறது. சாயம் அந்த ஓட்டத்தோடு சவாரி செய்கிறது. நாம் பார்ப்பது சாயத்தை; ஓடுவது சர்க்கரை நீர். வெள்ளை நிற மிட்டாய் ஒன்றை அந்த வரிசையில் வைத்தால் நிறமே இல்லாத ஒரு பகுதி தட்டில் தோன்றி மற்ற நிறங்களைத் தடுத்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத சர்க்கரைதான் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதை நான் சொல்லிப் பிள்ளைகள் நம்ப வேண்டியதில்லை. தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்றைச் சொருகிச் சாய்வாக்கினால் போதும். நிறம் நடுவை மறந்து பள்ளமான பக்கம் போகும். விரவலுக்கு மேடு பள்ளம் தெரியாது. கனமான நீருக்குத் தெரியும். இன்னொரு வழி, உயரமான கண்ணாடி டம்ளரில் நீர் நிரப்பி, டீ வடிகட்டியில் மிட்டாயை வைத்து நீரின் மேல்மட்டத்தில் தொடும்படி பிடிப்பது. வண்ண நூல்கள் நீரினூடே நேராகக் கீழே இறங்கி டம்ளரின் அடியில் தேங்கும். மேல் பகுதி நீர் வெகு நேரம் தெளிவாகவே இருக்கும். அந்த நூல்கள் இறங்குவதைப் பார்ப்பதே ஓர் அழகு. வகுப்பில் பின் பெஞ்சுப் பிள்ளைகளும் எழுந்து வந்துவிடுவார்கள்.

இரண்டாவது கேள்விக்கு இணையத்தில் உலவும் விடை, 'ஒவ்வொரு நிறத்திலும் வெவ்வேறு அளவில் மெழுகு இருக்கிறது, அதனால் அவை கலப்பதில்லை' என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஒரு விரல் போதும். எல்லைக்கோட்டின் மேல் விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் சிவப்பும் மஞ்சளும் உடனே கலந்து ஆரஞ்சாகிவிடும். அதன் பிறகு பிரியவே பிரியாது. எண்ணெயும் நீரும் போலக் கலக்க மறுக்கும் பொருள்களாக இருந்தால் சற்று நேரத்தில் மீண்டும் பிரிந்திருக்க வேண்டும். ஆக, இந்த நிறங்களுக்குள் பகை ஏதும் இல்லை. அவை கலக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். ஒரே அளவு மிட்டாய்களிலிருந்து வரும் ஓட்டங்கள் ஏறக்குறைய ஒரே அடர்த்தியும் ஒரே தடிமனும் கொண்டவை. அவை நேருக்கு நேர் சந்திக்கும்போது இந்தப் பக்கத் தள்ளலும் அந்தப் பக்கத் தள்ளலும் சமமாகி, இரண்டும் நின்றுவிடுகின்றன. ஒன்று மற்றொன்றின் அடியில் புக வேண்டுமானால் அது கூடுதல் கனமாக இருக்க வேண்டும். ஓட்டம் நின்ற பிறகு எல்லையைத் தாண்ட விரவல் ஒன்றுதான் வழி. அதன் வேகம் எவ்வளவு என்று மேலே பார்த்தோம். மில்லிமீட்டருக்குக் கால் மணி நேரம்! அதனால்தான் கோடு அவ்வளவு கூர்மையாகத் தெரிகிறது. தட்டை அசைக்காமல் விட்டுவிட்டு மதிய உணவுக்குப் பிறகு வந்து பார்த்தால் கோடு மங்கியிருக்கும். மறுநாள் காலையில் எல்லாம் கலங்கிப்போயிருக்கும். வழக்கமான விளக்கம் சொல்லும் அந்த விரவல் உண்மையிலேயே நடக்கிறது. நிறங்கள் ஓடிய முதல் சில நிமிடங்களில் தேடாமல், நின்றுபோன கோட்டின் மங்கலில் அதைத் தேட வேண்டும்.

இனிப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: ஒரு பக்கம் ஒரு மிட்டாய், எதிர்ப்பக்கம் மூன்று மிட்டாய் வைத்தால் எல்லை எங்கே விழும்? ஒரு பக்கத்து மிட்டாயை அரை நிமிடம் தாமதமாக வைத்தால்? தட்டின் நடுவில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையை முன்கூட்டியே போட்டுவைத்தால்? செய்து பார்ப்பதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை நோட்டில் எழுதி, ஏன் அப்படி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சோதனை என்பது அந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது.

பெர்ன் நகரத்தில் ஒரு சர்க்கரைக் கணக்கு

சர்க்கரை நீரில் கரைவதெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1905 ஏப்ரலில், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 26 வயது இளைஞர் ஒருவர் ஓர் ஆய்வேட்டை எழுதி முடித்தார். சூரிச் பல்கலைக்கழகம் அதற்கு முனைவர் பட்டம் தந்தது. மூலக்கூறுகளின் அளவைக் கண்டறியப் புதிய வழி ஒன்றைச் சொன்ன ஆய்வேடு அது. அதில் அவர் எடுத்துக்கொண்ட பொருள் நீரில் கரைந்த சர்க்கரை. அந்த இளைஞர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

அணு, மூலக்கூறு என்பவை உண்மையிலேயே இருக்கின்றனவா, அல்லது கணக்குக்கு வசதியான கற்பனையா என்று பெரிய அறிஞர்களே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஐன்ஸ்டைன் இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டார். சர்க்கரை கரைந்தால் நீர் எவ்வளவு பிசுபிசுப்பாகிறது என்பது ஒன்று. சர்க்கரை நீரில் எவ்வளவு வேகமாக விரவுகிறது என்பது இன்னொன்று. இரண்டையும் மற்றவர்கள் ஏற்கனவே அளந்து வைத்திருந்தார்கள். அந்த அளவுகளிலிருந்து சர்க்கரை மூலக்கூறு எவ்வளவு பெரியது என்பதையும், ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் இருக்கும் என்ற அவகாட்ரோ எண்ணையும் ஒருசேரக் கணக்கிட்டார். கண்ணால் காண முடியாத ஒன்றின் அளவு, சர்க்கரைத் தண்ணீரிலிருந்து கிடைத்தது.

முதல் விடை துல்லியமாக இல்லை. 2.1 × 10²³ என்று வந்தது. இன்று நாம் அறிந்த அவகாட்ரோ எண் 6.022 × 10²³. பின்னால், பிரான்சில் நடந்த அளவீடுகள் அவர் சமன்பாட்டோடு ஒத்துவராததைக் கண்டு, லுட்விக் ஹாப் என்ற இளம் ஆய்வாளரிடம் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னார். ஹாப் பிழையைக் கண்டுபிடித்தார். 1911-ல் திருத்திய விடை 6.56 × 10²³ என்று வந்தது. மேதையின் கணக்கையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

மாத்திரைக்கும் இதே கேள்வி

ஓடு எப்போது கரையும், எவ்வளவு நேரத்தில் கரையும் என்ற கேள்வியை மருந்து நிறுவனங்கள் தினமும் கேட்கின்றன. கசப்பை மறைக்கச் சர்க்கரை பூசிய மாத்திரைகள் மிட்டாய்க் கொப்பரையிலிருந்து வந்தவைதான். சில மருந்துகள் வயிற்று அமிலத்தில் கெட்டுவிடும், சில வயிற்றின் உட்சுவரைப் புண்ணாக்கும். அவற்றுக்கு வயிற்றில் கரையாமல் தாக்குப்பிடித்து, குடலுக்குப் போன பிறகு கரையும் பூச்சு கொடுப்பார்கள். அப்படிப்பட்ட மாத்திரையை உடைத்தோ பொடித்தோ சாப்பிடக் கூடாது என்று மருந்தாளுநர் சொல்வதன் காரணம் இதுதான். இந்தப் பூச்சுக்குப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று அரக்கு. ஜார்க்கண்ட் காடுகளில் மரக்கிளைகளில் அரக்குப் பூச்சிகள் சுரக்கும் அதே அரக்கு, மிட்டாய்களுக்குப் பளபளப்பு தரவும் பயன்படுகிறது.

மாத்திரைகளைச் சோதிக்கும் ஆய்வகத்தில் பெரும்பாலும் 900 மில்லிலிட்டர் திரவத்தை உடல் சூடான 37 டிகிரியில் வைத்து, ஒரு துடுப்பைச் சீரான வேகத்தில் சுழலவிட்டு, குறிப்பிட்ட நிமிடங்களில் எவ்வளவு மருந்து கரைந்தது என்று அளப்பார்கள். நீரின் அளவு, சூடு, கலக்கும் வேகம் மூன்றையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் மிட்டாயை வைத்து 'எல்லாத் தட்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினாயா?' என்று ஆசிரியர் கேட்கும்போது கற்றுத் தருவது இந்த ஒழுங்கைத்தான்.

சாயத்தைப் பற்றி

நிறத்தை வைத்து விளையாடும்போது அது என்ன பொருள் என்றும் பேசியாக வேண்டும். இந்தியாவில் உணவில் சேர்க்க அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் எட்டு மட்டுமே. டார்ட்ரசீன், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பிரில்லியன்ட் புளூ போன்றவை அதில் அடக்கம். அவற்றுக்கும் அளவுக் கட்டுப்பாடு உண்டு. பாக்கெட்டின் பின்புறம் ஐ.என்.எஸ். 102, 110, 122, 133 என்று எண்களாக இருப்பவை இவைதான். சோதனைக்கு முன் உறையைப் படிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்கு அது வாழ்நாள் பழக்கமாகலாம்.

பச்சை மிட்டாயின் நிறம் பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் சேர்ந்தது. அதை வகுப்பிலேயே பிரித்துக் காட்டலாம். மிட்டாயைச் சில சொட்டு நீரில் நனைத்து அடர்த்தியான சாயம் எடுத்து, வெள்ளைச் சாக்பீஸின் அடியிலிருந்து ஒரு சென்டிமீட்டர் மேலே வளையமாகத் தீட்டி, உலர்ந்ததும் ஆழம் குறைந்த நீரில் நிற்க வைக்க வேண்டும். நீர் ஏறும், கூடவே சாயங்களும் வெவ்வேறு வேகத்தில் ஏறிப் பிரியும். வேதியியல் ஆய்வகங்களில் இன்றியமையாத நிறப்பிரிகை முறை இதுதான். ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் ஸ்வெட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலைகளின் நிறமிகளைச் சுண்ணாம்புப் பொடி நிரப்பிய குழாயில் பிரித்துக் காட்டினார். நம் சாக்பீஸ் அதற்கு நெருங்கிய உறவு.

ஓர் எச்சரிக்கை அவசியம். நீரில் நன்றாகக் கரைகிறது என்பதால் ஒரு சாயம் பாதுகாப்பானது ஆகிவிடாது. துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயமும் நீரில் கரையும். பஞ்சு மிட்டாயில் அது கலந்திருப்பது ஆய்வில் தெரியவந்ததால்தான் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. எது அனுமதிக்கப்பட்ட சாயம், எது நச்சு என்று தட்டையோ சாக்பீஸையோ பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். தயாரித்தவர் பெயர் இல்லாத, உறையில்லாத வண்ண மிட்டாயைச் சோதனைக்கும் வாங்க வேண்டாம்.

வகுப்பறைக்கு

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் பதினாறு கிராமப்புற நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து, பார்த்ததை எழுதி, விவாதித்து முடிவுக்கு வர வேண்டும் என்பதுதான் அதன் முறை. பிறகு ஏகலவ்யா அமைப்பு அதை முன்னெடுத்துச் சென்றது. முப்பது ஆண்டுகள் நடந்த அந்தத் திட்டத்தை 2002-ல் மாநில அரசு நிறுத்திவிட்டது. விலையுயர்ந்த ஆய்வகம் இல்லாத ஊரிலும் உண்மையான அறிவியல் நடக்கும் என்பதை அது காட்டிவிட்டுத்தான் போயிருக்கிறது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் பல ஆண்டுகளாக இதையே சொல்லி வருகின்றன. 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம், ஆறு முதல் எட்டு வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வகுப்பறைக்கே சோதனைகளைக் கொண்டுபோகும் திட்டம். வழி இருக்கிறது. அந்தப் பாடவேளையில் கேள்விக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'கரைசல்கள்' என்றே ஒரு பாடம் உண்டு. கரைபொருள், கரைப்பான், தெவிட்டிய கரைசல், கரைதிறனைப் பாதிக்கும் காரணிகள் என்று வரையறைகள் வரிசையாக வரும். தேர்வுக்கு அவை வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தட்டில் இதையெல்லாம் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அந்த வரையறைகள் தெரிந்த விஷயத்துக்கு வைத்த பெயர்களாக இருக்கும். பார்க்காத பிள்ளைக்கு மனப்பாடச் சுமை.

ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள். தட்டு தட்டையாக, வெள்ளையாக இருக்கட்டும். நடுவில் குழி இருந்தால் நிறம் அங்கே தேங்கிக் கணக்கைக் கெடுக்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காற்று நீரை அசைக்கும். ஒரே பாக்கெட்டில் இருக்கும் மிட்டாய்களைப் பயன்படுத்துங்கள். ஜெம்ஸ் வாங்க வசதியில்லாத இடத்தில் பாக்கெட்டில் விற்கும் சர்க்கரை பூசிய சோம்பே போதும். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு குவியல் வைத்தால் நிறம் நன்றாக ஓடும். சோதனைத் தட்டில் இருப்பதை யாரும் வாயில் போடக் கூடாது. அதற்கு முன்பாக ஒவ்வொரு பிள்ளைக்கும் தின்ன ஒரு மிட்டாய் கொடுத்துவிடுங்கள். எப்போதோ ஒருமுறை மிட்டாய் தின்னும் பிள்ளையின் கண்முன்னே அதை நீரில் கரைத்து வீணாக்கிக் காட்டுவது முறையில்லை. மனம் தட்டிலேயே இருக்கும்போது கேள்வி எங்கிருந்து வரும்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நிறங்கள் நடுவில் வந்து நின்றதும் விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். தயவுசெய்து அந்தப் பாடவேளை முழுக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் சொல்லும் காரணங்களை, தவறானவை உட்பட, கரும்பலகையில் எழுதுங்கள். ஒவ்வொரு காரணத்தையும் எப்படிச் சோதித்துப் பார்க்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். அடுத்த வகுப்புக்கு இன்னும் இரண்டு தட்டுகள் கூடுதலாகக் கொண்டு வாருங்கள்.